பாதுகாப்பு மாவு

அலுமினிய வயர் தீப்பிடிக்கும் என்றொரு நம்பிக்கை மக்களிடையே பரவியிருக்கிறது. படித்தவர்களே இதைச் சொல்லித் திரிவதால், கதைக்குள் போகுமுன் திருத்திவிடுவது உத்தமம். அலுமினிய வயர் தீப்பிடிப்பதில்லை. சுவருக்குள் யார் வம்புக்கும் போகாமல் ஒரு தலைமுறை படுத்திருக்கக்கூடிய சாது அது. வம்பெல்லாம் அது இன்னொன்றைச் சந்திக்கும் இடத்தில்தான். சுவிட்சில், ஃபியூஸில், எவரோ அவசரத்துக்குச் செப்புக் கம்பியோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன மூலையில். அலுமினியம் சூடானால் விரிகிறது, ஆறினால் சுருங்குகிறது, ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூவின் பிடியிலிருந்து ஒரு நூல் நழுவுகிறது. நழுவிய இடத்தில் காற்றுப் பட்டு மெல்லிய பொருக்கு படிகிறது. பொருக்கு மின்சாரத்தைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட மின்சாரம், தடுக்கப்பட்ட எவரையும் போல, சூடாகிறது.

ஆகவே வயரைக் குற்றம் சொல்வது அநியாயம். அலுவலகங்களிலும் இதே கதைதான். எந்த அதிகாரியும் தன் மேசைக்குள் தவறு செய்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு மேசை முடிந்து அடுத்த மேசை தொடங்கும் இடத்தில்தான் கருகல் வாசனை வரும்.

திருத்தப்பட வேண்டிய இரண்டாவது நம்பிக்கை, பெங்களூர்க் குளிரில் இட்லி மாவு புளிக்காது என்பது. ஊர் முழுக்க இது உண்மை. மாவுக்குக் கம்பளி போர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். அணைத்த அடுப்பின் மேல் வைத்துவிட்டு, விடிந்ததும் மூடியைத் திறந்து முகம் வாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காக்ஸ் டவுனில், தேவாலய மணி கேட்கும் தூரத்தில் இருக்கும் ரோஸ்லின் கோர்ட் என்ற மூன்று மாடிக் கட்டடத்தில் மட்டும் மாவு பொங்கியது.

செம்பு கிடைக்காத காலத்தில் கட்டிய கட்டடம். அப்போது வீட்டுக்குச் சில பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ என்று கணக்குப் போட்டு அலுமினிய வயர் இழுத்தார்கள். இப்போது அதே வயரில் கீசர், மைக்ரோவேவ், இண்டக்ஷன் அடுப்பு, காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி, அந்தச் சுத்தமான காற்றில் ஓடுவதற்கு டிரெட்மில் என்று எல்லாம் தொங்கின. எல்லா வீட்டுக்கும் மின்சாரம் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியிலிருந்த மீட்டர் அறையிலிருந்து ஏறியது. அங்கே ஒரு பெரிய இரும்புப் பெட்டி. அதற்குள் கட்டடத்தின் அத்தனை ஜாயிண்டும் நெருக்கியடித்துக்கொண்டு, நாளெல்லாம் இதமாகச் சுட்டுக்கொண்டிருந்தன.

இதைக் கண்டுபிடித்தவர் கீழ்வீட்டுக் கன்னடக்காரர் லட்சுமம்மா. கட்டடத்து அசோசியேஷனின் தலைவர். ஒரு டிசம்பரில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது, மாவு அடுக்கை மீட்டர் பெட்டியின் மேல் வைத்துவிட்டு மறந்துபோனார். காலையில் போய்ப் பார்த்தால், மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியுலகம் பார்க்கக் கிளம்பியிருந்தது. அன்றைய இட்லியை அவர் மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாளிலிருந்து எல்லா வீட்டு மாவும் மீட்டர் அறைக்கு இறங்கிவந்தது. அந்த அறை ஏன் சூடாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது காரணம் கேட்பது நம் பண்பாட்டில் இல்லை.

கேட்டவள் வீணா. வேலூர்க்காரி. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை. கணவன் ராஜேஷ்குமார், யூகேஜி படிக்கும் மகள் மகா இருவரோடும் இரண்டாம் மாடி வீட்டை வாங்கிக்கொண்டு போன வருஷம் குடிவந்தவள்.

"அம்மா, என் ரூம்ல மீன் வாசனை வருது" என்றாள் மகா ஒரு நாள்.

வீட்டில் அன்றைக்கு முள்ளங்கி சாம்பார். வீணா மோந்துகொண்டே போனாள். வாசனை, மகா கட்டிலின் தலைமாட்டில் இருந்த சுவிட்ச் போர்டிலிருந்து வந்தது. தொட்டாள். தோசைக்கல்லைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். வெள்ளைப் போர்டு ஓரத்தில் காப்பி நிறமாகியிருந்தது. அந்த அறைக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, மகாவை ஹால் சோபாவில் படுக்க வைத்தாள். கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தலாமே என்றான் ராஜேஷ்குமார். எதிர்ச்சுவரில் இருந்த போர்டும் அதே காப்பி நிறத்தில் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மகா கேட்டாள்: "இன்னிக்கு என் ரூமுக்கு லைட் வருமா?"

வீணா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். வந்தவர் எரிக். ஆடுகோடியில் கடை. தன்னை எலக்ட்ரீஷியன் என்று யாராவது சொன்னால் அவருக்கு வருத்தம் வரும். அவருடைய அட்டையில் 'ஹோம் ஆட்டோமேஷன் கன்சல்டன்ட்' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு விசிலடித்தார்.

"மேடம், இது அலுமினியம்."

"அது தெரியுது. என்ன பண்ணலாம்?"

"ஸ்மார்ட் சுவிட்ச் போட்டுடலாம். ஃபோன்லயே ஆன், ஃபோன்லயே ஆஃப். கையால தொடவே வேணாம்."

"தொடலைன்னா சூடு தெரியாது. அதானே?"

"கரெக்ட் மேடம்!" தன் தொழிலைப் புரிந்துகொண்ட வாடிக்கையாளரைக் கண்டதில் எரிக்குக்கு மகிழ்ச்சி.

"வயரை மாத்த முடியாதா?"

எரிக் அவளைச் சற்று நேரம் பார்த்தார். இனிப்புக் கடையில் யாரோ கஷாயம் கேட்டதுபோல இருந்தது அவர் பார்வை.

"மாத்தலாம். அதான் சரியான வேலை. காப்பர் இழுத்துடணும். மாத்தவே முடியாத இடத்துல அலுமினியத்துக்குன்னே வர்ற கனெக்டரைப் போட்டு, பேஸ்ட் தடவி, அளவா முறுக்கணும். சும்மா காப்பரையும் அலுமினியத்தையும் சேத்து முறுக்கி டேப் ஒட்டினா, அது டைம் பாம். எல்லாம் தெரியும் மேடம். ஆனா யாரும் கேக்கறதில்ல. செவுத்துக்குள்ள போற வேலைய வர்ற கெஸ்ட்டுக்குக் காட்ட முடியாதே!"

"நான் யாருக்கும் காட்டப்போறதில்ல. மாத்திக் குடுங்க."

"அப்ப கீழேந்து மாத்தணும். மீட்டர் ரூம்ல அந்தப் பெட்டி இருக்கே, வரும்போதே பாத்தேன், அதான் மூலம். அதை விட்டுட்டு மேல மாத்தினா, பல்லு வலிக்குப் பவுடர் பூசின மாதிரி. மெயினை முழுசா ஆஃப் பண்ணணும். அதுக்கு அசோசியேஷன் பர்மிஷன் வாங்கிக் குடுங்க, நான் ஆளோட வரேன்."

அசோசியேஷனின் செயலாளர் முதல் மாடி ஓஸ்வால்ட். ஒரு பெரிய நிறுவனத்தில், வந்த கடிதங்கள் வந்து சேர்ந்தன என்று கடிதம் எழுதும் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவர். வாழ்க்கையில் ஒரு விதியையும் மீறாதவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் கூட்டினார்.

"மெயினை ஆஃப் பண்றதுக்கு எல்லா ஓனரோட கன்சென்ட்டும் வேணும் மேடம்" என்றார்.

"எல்லாரும் இங்கதான சார் இருக்காங்க? கேட்டுடலாமே?"

"இருக்காங்க. ஆனா இருக்கறதா மினிட்ஸ்ல இன்னும் ஏறல."

லட்சுமம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். "ஏம்மா வீணா, மெயினை ஆஃப் பண்ணிட்டா மாவு என்னாகறது?"

"எந்த மாவுக்கா?"

கூட்டம் அவளை இரக்கத்தோடு பார்த்தது. புதிதாகக் குடிவந்தவள், பாவம். மீட்டர் அறையில் மாவு பொங்கும் கதையை லட்சுமம்மா அவளுக்குச் சொன்னார்.

"அக்கா, அந்த ரூம் சூடா இருக்கறது மாவுக்காக இல்ல. உள்ள ஜாயிண்ட் எரிஞ்சிட்டிருக்கு."

"அய்யோ தேவரே! எரியுதா? சூடா இருக்கும்மா, அவ்வளவுதான். எரிஞ்சா எனக்குத் தெரியாதா? அந்த ரூமுக்குப் பக்கத்துச் செவுரு என் பெட்ரூம். நல்லா கதகதன்னு இருக்கு. எனக்கு மூட்டுவலியே போயிடுச்சு."

இந்த இடத்தில் முதல் மாடி சுப்ரியா எழுந்தாள். குடல் ஆரோக்கியம் பற்றி இன்ஸ்டாகிராமில் பேசி, ஆயிரக்கணக்கானவர்களின் குடலுக்குப் பொறுப்பேற்றிருப்பவள்.

"அது ரொம்ப சாஃப்ட்டான ஹீட் ஆண்ட்டி. மெஷின்ல கிடைக்காது. நான் அதை ஹெரிடேஜ் வயரிங்னு போஸ்ட் போட்டிருக்கேன். நம்ம பில்டிங்கைப் பாக்கணும்னு எத்தனை பேர் கேக்கறாங்க தெரியுமா? எல்லாரும் காப்பருக்குப் போயிட்டாங்க. நாமதான் ஒரிஜினலை வெச்சிருக்கோம்."

"என் பொண்ணு படுக்கைக்கு மேல போர்டு கருகுது" என்றாள் வீணா.

"அதுக்காகப் பரம்பரையா வந்த வயரை..." என்று சுப்ரியா இழுத்தாள்.

இரு பக்கத்து உணர்வுகளையும் மதித்து ஓஸ்வால்ட் தீர்மானம் எழுதினார்: ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதை உரிய அதிகாரி வந்து சொல்ல வேண்டும், அதுவரை ஆபத்து நிலுவையில் வைக்கப்படுகிறது.

உரிய அதிகாரியின் பெயர் ஆதிகேசவன். ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். மின்சாரம் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று பார்க்கும் ஓர் அலுவலகத்தில் பணி. எந்த அலுவலகம் என்பது அங்கே போனவர்களுக்கே சரியாகத் தெரியாது. கையில் வெப்பம் அளக்கும் துப்பாக்கியோடு வந்து மீட்டர் அறைக் கதவைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார். பெட்டியின் மேலும் பக்கத்திலும், ஒட்டிப் போட்ட பலகையிலும் எவர்சில்வர் அடுக்குகள்.

"இன்னா சார் இதெல்லாம்?"

"மாவு" என்றார் ஓஸ்வால்ட்.

"யாருது?"

"பொது."

ஆதிகேசவன் துப்பாக்கியைப் பெட்டிமேல் காட்டினார். எண், அனுமதித்த அளவுக்குள் இருந்தது. "நார்மல்" என்று கிளம்பப் போனார்.

"சார், பாத்திரத்தையெல்லாம் எடுத்துட்டு அளந்து பாருங்க" என்றாள் வீணா.

எடுத்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்து அளந்தார். எண் ஏறியது. இன்னும் ஏறியது. துப்பாக்கி கீச்சிட்டது. குளிர்ந்த மாவு அடுக்குகளைத் திரும்ப ஒட்டி வைத்ததும் எண் மெல்ல இறங்கி, சாதுவாக அளவுக்குள் வந்து நின்றது. அந்த அறையில் இருந்தவர்களில் ஆதிகேசவன் ஒருவர்தான் இதைக் கண்டு திடுக்கிடவில்லை. தன் கருவி சொல்வதை நம்புவதற்குப் பயிற்சி பெற்றவர் அவர்.

"பாத்திரம் இல்லாட்டி ஆபத்து. பாத்திரம் இருந்தா ஆபத்து இல்ல. இதுக்கு இன்னா அர்த்தம்?"

"ஜாயிண்ட் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் சார்."

"அது காரணம் மேடம். நான் கேட்டது அர்த்தம். காரணம் வேற செக்‌ஷன்."

சில நாளில் ஆணை வந்தது. கன்னடத்தில் வந்ததை ஓஸ்வால்ட் ஆங்கிலத்தில் புரிந்துகொண்டு தமிழில் படித்தார்: "ரோஸ்லின் கோர்ட் மின்பகிர்வு அறையில் நிறுவப்பட்டுள்ள மாவு வடிவிலான வெப்பத் தணிப்பு ஏற்பாடு திருப்திகரமாக இயங்குவது கண்டறியப்பட்டது. மேற்படி ஏற்பாடு எந்நேரமும் குறைவின்றிப் பராமரிக்கப்பட வேண்டும். குறைவு காணப்படின், மறு ஆய்வு வரை கட்டடத்தின் மின்இணைப்பு துண்டிக்கப்படும்."

லட்சுமம்மா கைதட்டினார்.

வீணா ஆதிகேசவனுக்கு ஃபோன் செய்தாள். "அப்ப என் பொண்ணு ரூம்ல இருக்கற போர்டுக்கு?"

"அங்கயும் ஒரு அடுக்கு வைங்க மேடம். ஏற்பாடுதான் ப்ரூவ் ஆயிடுச்சே."

"கட்டில் தலமாட்டுலயா?"

"ஏன், பாப்பாக்கு இட்லி பிடிக்காதா?"

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒழுங்கில்லாமல் எதுவும் நடக்க ஓஸ்வால்ட் விடவில்லை.

முதலில், பாதுகாப்பு ஏற்பாட்டில் தனியார் பாத்திரங்கள் கலப்பது முறையல்ல என்று எல்லா அடுக்குகளும் வீட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டன. அசோசியேஷன் சார்பில் கல்யாணச் சமையலுக்கு ஆகும் அளவில் ஒரு குண்டான் வாங்கி, இரும்புப் பெட்டியோடு சேர்த்துச் சங்கிலி போட்டார்கள். அதை நிரப்ப வீட்டுக்கு ஒரு நாள் முறை. புது மாவு வந்து சேராமல் பழைய மாவை எடுக்கக் கூடாது. எடுத்ததை முறைக்காரரே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். ஓஸ்வால்ட் கழுத்தில் ஒரு விசில் ஏறியது. காலையும் மாலையும் குண்டானுக்குள் ஸ்கேல் விட்டு மாவின் மட்டம் பார்த்தார்.

மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த ஐடி பையன்களுக்கு உளுந்து எது, துவரை எது என்று தெரியாது. பாக்கெட் மாவு வாங்கி ஊற்றினார்கள். பாக்கெட் மாவு ஏற்பாட்டில் அடங்குமா என்று விளக்கம் கேட்டு எழுதினார் ஓஸ்வால்ட். அடங்கும், ஆனால் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து ஊற்றப்பட வேண்டும் என்று பதில் வந்தது. அந்தத் தெளிவு அவசியமாகத்தான் இருந்தது. பையன்கள் பாக்கெட்டோடுதான் போட்டிருந்தார்கள்.

சுப்ரியாவின் முறை வந்தபோது அவள் குயினோவாவில் மாவு அரைத்து ஊற்றினாள். அதற்கும் விளக்கம் கேட்கப்பட்டது. "அரிசி, உளுந்து நீங்கலாக ஏனைய தானியங்களின் வெப்பத் தன்மை குறித்து இவ்வலுவலகத்தில் தகவல் இல்லை, ஆகவே அவை ஆபத்தானவையாகக் கருதப்படும்" என்றது பதில். ஓஸ்வால்ட் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, வழியிலிருந்தவர்களை விலகச் சொல்லி விசிலடித்தபடி, குயினோவா மாவைத் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனார். ஆபத்தான தானியம் என்று சுப்ரியா அதையும் போஸ்ட் போட்டாள். அவள் பதிவுகளிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக நினைத்தவர்கள் பதிலாள் ஏற்பாடு செய்து, அதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலும் வாங்கிவிட்டுப் போக வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை ஒத்திகை நடந்தது. விசில் ஊதியதும் எல்லாரும் கரண்டியோடு கீழே இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கட்டடங்களிலிருந்து செயலாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த தெருவில் புதிதாக எழும்பியிருந்த ஒரு பெரிய அடுக்ககத்தில் அத்தனையும் காப்பர் வயர், தொட்டால் சில்லென்று இருக்கும்; அவர்களும் தங்கள் மீட்டர் அறையில் ஒரு குண்டான் வைத்தார்கள். ஏன் என்று குடியிருந்தவர்கள் கேட்டபோது, பாதுகாப்பு விஷயத்தில் யாருக்கும் பின்தங்க விருப்பமில்லை என்று செயலாளர் சொன்னாராம்.

ரோஸ்லின் கோர்ட்டில் மட்டும் பெட்டிக்கு மேல் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் சாயங்காலம், எல்லா வீட்டிலும் கீசர் போட்ட நேரத்தில், பெட்டிக்குள் அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நீல நிறத்தில் ஏதோ பளிச்சிட்டது. கட்டடம் முழுக்க விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன. ஓஸ்வால்ட் ஓடிவந்து குண்டானுக்குள் ஸ்கேலை விட்டார். மட்டம் சரியாக இருந்தது. நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

"இன்னிக்கு லைட் வருமா?" என்று மகா கேட்டாள்.

"வரும்" என்றாள் வீணா. இத்தனை நாள் "பாக்கலாம்" என்றுதான் சொல்லிவந்தாள். அந்த நீல வெளிச்சத்துக்குப் பிறகு, அவள் உட்கார்ந்து ஆணையை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அந்தக் கட்டடத்தில் அதைக் கடைசிவரை படித்தவள் அவள் ஒருத்திதான். பிறகு எரிக்கைக் கூப்பிட்டு, தன் முறை வரும் நாளைச் சொல்லி, ஆளோடும் காப்பர் சுருளோடும் காலையிலேயே கேட்டில் வந்து நிற்கச் சொன்னாள்.

அன்று காலை அவள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஓஸ்வால்ட். விசில் வாயிலேயே இருந்தது.

"மேடம், முந்தின மாவை எடுத்திருக்கீங்க. குண்டான் காலி."

"ஆமா சார்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல சார். அரைக்கல."

"காரணம்?"

"காரணம் வேற செக்‌ஷன் சார்."

சத்தம் கேட்டு லட்சுமம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "பரவால்ல ஓஸ்வால்ட் சார், நம்ம வீட்ல இருக்கு, நான் ஊத்தறேன்."

"ஊத்தலாமா சார்?" என்று வீணா அவரைப் பார்த்தாள். "முறை மாத்தணும்னா பொதுக்குழு கூடணும்னு போன மாசம் நீங்கதான தீர்மானம் போட்டீங்க? ஊருக்குப் போறதுக்கு நான் கேட்டப்ப?"

ஓஸ்வால்டின் முகத்தில் ஒரு போராட்டம் நடந்தது. ஒரு பக்கம் கட்டடம், ஒரு பக்கம் விதி. முப்பது வருஷப் பழக்கம் வென்றது.

"பேடாம்மா" என்றார் லட்சுமம்மாவிடம், வேண்டாமென்று அவர் கன்னடத்திலேயே, கனத்த குரலில். "ஊத்தக் கூடாது. அது முறைகேடு." பிறகு தன் கையாலேயே ஆதிகேசவனுக்கு ஃபோன் போட்டு, ஏற்பாட்டில் குறைவு ஏற்பட்டிருப்பதைத் தெரிவித்தார். தகவல் கிடைத்ததை உறுதிசெய்து ஒரு பதில் அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டார்.

ஆதிகேசவன் வந்தார். காலிக் குண்டானை எட்டிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்ளோ நேரம் எரியும் நெருப்புமேல உக்காந்திருந்தீங்களே, தெரியுமா?" என்றார். "மாவு இல்லாத கட்டடத்துக்கு கரண்ட் குடுக்க எனக்குப் பவர் இல்ல." வெளியே போய் இணைப்பைத் துண்டித்தார். மறு ஆய்வு வாரக் கடைசி விடுமுறை கழிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

அவர் போன அதே கேட் வழியாக எரிக் ஆட்களோடு உள்ளே வந்தார்.

"நில்லுங்க!" ஓஸ்வால்ட் கை நீட்டி மறித்தார். "மெயின் ஆஃப் பண்ண இன்னும் பர்மிஷன் குடுக்கல."

"நான் ஆஃப் பண்ணலயே அங்கிள்" என்றார் எரிக். "ஆஃப் ஆகித்தான இருக்கு?"

ஓஸ்வால்ட் யோசித்தார். மின் வயர்களைத் தொட அனுமதி வேண்டும் என்பது விதி. மின்சாரம் ஓடாத வயர் மின் வயர் ஆகுமா? வெறும் வயரைத் தொடக் கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. அரை மணி நேரம் யோசித்தபின், தடுக்க வழியில்லை என்ற முடிவுக்கு அவரே வந்து, அதை எரிக்கிடம் வருத்தத்தோடு தெரிவித்தார். எரிக் அதற்குள் பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்.

உள்ளே இருந்ததைக் கட்டடமே கூடிநின்று பார்த்தது. ஜாயிண்டுகள் தணலில் சுட்ட கத்திரிக்காய்போலக் கறுத்து, தோல் உரிந்து தொங்கின. எரிக் ஒன்றை விரலால் தொட்டதும் மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

லட்சுமம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "இதும்மேலயா நான் மாவு வெச்சேன்?"

எரிக் விரலில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டார். பிறகு லட்சுமம்மாவே சொன்னார்: "ஆனா மாவு நல்லா வந்துச்சு."

விடுமுறை முடிவதற்குள் பெட்டி புதிதாயிற்று. காப்பர் வயர் ஏறியது. வீட்டுக்கு வீடு, லோடு மிஞ்சினால் தானே விழுந்து அணையும் சுவிட்சுகள் வந்தன. பழைய வயரைச் சுருட்டி மொட்டைமாடியில் போட்டார்கள். மறு ஆய்வுக்கு வந்த ஆதிகேசவன் முன்னால், லட்சுமம்மா தயாராக வைத்திருந்த மாவைக் குண்டானில் ஊற்றினார்கள். அவர் துப்பாக்கியைக் காட்டினார். பெட்டி குளிர்ந்திருந்தது. இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மகா தன் அறை விளக்கைப் போட்டாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். வீணா அவளைத் தடுக்கவில்லை. போர்டைத் தொட்டுப் பார்த்தாள். சுவரைப் போலவே சில்லென்றிருந்தது.

மறுநாள் அவள் ஆதிகேசவனுக்கு ஃபோன் செய்தாள். "வயரெல்லாம் மாத்தியாச்சே சார். அந்த மாவு ஆர்டரை இனிமே ரத்து பண்ணிடலாமே?"

"எப்படி மேடம் ரத்து பண்றது? ஏற்பாடு ஃபெயில் ஆச்சுன்னு நான் எழுதணும். ஃபெயில் ஆனா சூடு ஏறியிருக்கணும். எங்க ஏறிச்சு? நான் பாத்த ரீடிங்லயே இதான் கம்மி. உங்க பில்டிங்கை மாடலா வெச்சு மேல எழுதியிருக்கேன்."

எனவே குண்டான் இருந்தது. முறையும் இருந்தது. டிசம்பர் வந்தது. சில்லென்ற மீட்டர் அறையில், சில்லென்ற பெட்டிமேல், மாவு ஊற்றிய மட்டத்திலேயே அசையாமல் கிடந்தது. ரோஸ்லின் கோர்ட் இட்லிகள் ஊரின் மற்ற இட்லிகளைப் போலத் தட்டையாயின. "அம்மா, இட்லி ரப்பர் மாதிரி இருக்கு" என்று மகா தட்டைத் தள்ளினாள். லட்சுமம்மாவுக்கு மூட்டுவலி திரும்பி வந்தது. சுப்ரியா ஹெரிடேஜ் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, புளிக்காத மாவின் மருத்துவ குணங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

கால் வருஷ ஆய்வுக்கு வந்த ஆதிகேசவன் குண்டானுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பொங்காத மாவு இயங்காத உபகரணம் என்றும், ஒரு வாரத்தில் இயக்கத்துக்குக் கொண்டுவராவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் ஆணை வந்தது.

அவசரப் பொதுக்குழு கூடியது. ரோஸ்லின் கோர்ட் வரலாற்றில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த கூட்டம் வேறில்லை. குண்டானுக்கு மேலே, மாவுக்குச் சூடு காட்ட, பெரிய குண்டு பல்பு ஒன்று தொங்கவிடுவது என்று லட்சுமம்மா முன்மொழிந்தார். முதலில் கை தூக்கியது வீணா. அவள் முறைதான் அடுத்தது. மகா இரண்டு நாளாக இட்லியைத் தொடவில்லை.

இந்தச் சின்ன வேலைக்கு எரிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. மூன்றாம் மாடிப் பையன் ஒருவன் தனக்குத் தெரியும் என்றான். வயர் ஒரு முழம் தேவைப்பட்டது. மொட்டைமாடிச் சுருளிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, புதுக் காப்பரோடு முறுக்கி, டேப் சுற்றினார்கள்.

மறுநாள் காலை மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. ஸ்கூல் வேனுக்குப் போகும் வழியில் மகா, மாடிப்படிக்கு அடியில் மீன் வாசனை வருகிறது என்றாள்.